எடைமேடைக்காரி சொல்லாமல் விட்டது

என் நாத்தனாரை லாரிக்காரர்கள் "கிலோ" என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு அதில் கோபம் இல்லை. இருபது வருஷத்துக்கு மேலாக ஒரே எடைமேடையில், ஒரே ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, வந்து போகிற லாரிகளுக்கெல்லாம் எடை போட்டுச் சீட்டு கொடுக்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். அவரும் வீட்டில் கிலோ என்றே சொல்ல ஆரம்பித்தார். எனக்கும் அதுவே பழகிவிட்டது.

அவள் வேலை பார்க்கிற இடத்தைப் பார்த்தால்தான் அவளைப் புரியும். தரையோடு தரையாக நீளமாக ஒரு இரும்பு மேடை. பக்கத்தில் நாலுக்கு ஆறில் ஒரு அறை. அதற்குள் ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், சிவப்பு எண் எரிகிற பெட்டி, சீட்டு அடிக்கிற மிஷின். லாரி ஏறுவதற்கு முன்னால் அந்தப் பெட்டியில் சைபர் வந்தாக வேண்டும். மழைத்தண்ணீர் தேங்கி மேடை இருபது கிலோ காட்டினால், தண்ணீரை வழித்துத் தள்ளுகிற வரைக்கும் எந்த வண்டியும் ஏறாது. வண்டி ஏறினதும் டிரைவரும் கிளீனரும் இறங்கிவிட வேண்டும். இறங்கின மாதிரி இறங்கி, பின்சக்கரத்தின் மறைவில் மேடை மேலேயே நின்றுகொள்கிற கெட்டிக்காரர்களும் உண்டு. அவர்களுக்காகவே எதிர்ச்சுவரில் பெரிய கண்ணாடி ஒன்றை மாட்டி வைத்திருந்தாள். மைக்கில் அவள் குரல் வரும்: "பின்னாடி நிக்கிற அண்ணன் கீழ இறங்கினா சீட்டு வரும். இல்லன்னா சாயங்காலம் வரைக்கும் அங்கயே காத்து வாங்கலாம்."

ஐந்து கிலோ கூடவோ குறையவோ ஒரு சீட்டுகூட அவள் கையை விட்டு வெளியே போனதில்லை. அப்பேர்ப்பட்டவள்தான் தன் உடம்பைப் பற்றிக் கேட்டபோது ஒன்றை மறைத்தாள். மறைக்கத் துணை நின்றவள் நான். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கிலோவின் கணவர் லிப்ட் மெக்கானிக். தங்கமான மனுஷன், ஆனால் பயந்த சுபாவம். கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்று நாளெல்லாம் யோசித்துக்கொண்டே செய்கிற தொழில் அல்லவா. கல்யாணமான முதல் வருஷம் ஒன்று தங்காமல் போனது, ஒன்றரை மாசத்தில். அது எல்லாருக்கும் தெரியும். அடுத்து மகள் பிறந்தாள். அந்தப் பிரசவத்தில் கிலோ பிழைத்ததே பெரும்பாடு. பிரஷர் எகிறி, பிறகு இடது கால் தூண் மாதிரி வீங்கி, ஒரு மாசம் நடக்க முடியாமல் கிடந்தாள். சுளுக்கு என்று யாரோ சொன்னார்கள். நம்பி, தினமும் அந்தக் காலை அமுக்கிவிட்டவள் நான். இப்போது நினைத்தால் குலை நடுங்குகிறது.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் லிப்ட்காரர் அழுததை மறக்க முடியாது. "இன்னொண்ணு வேணவே வேணாம்மா. இவ இருந்தா எனக்குப் போதும்" என்று என்னிடம்தான் சொன்னார்.

மகளுக்கு மூன்று வயதானபோது, வேறொரு ஊரில் உயரமான கட்டடம் ஒன்றுக்கு லிப்ட் மாட்டப் போய் நாலு மாசம் தங்கினார். அவர் போனபிறகுதான் கிலோவுக்கு மறுபடியும் உண்டாகியிருப்பது தெரிந்தது. என்னிடம் மட்டும் சொன்னாள்.

"இப்ப சொன்னா வேலைய அப்படியே போட்டுட்டு ஓடி வருவாரு அண்ணி. வந்து என் காலடியில உக்காந்து அழுவாரு. எல்லாம் நல்லபடியா இருக்குன்னு தெரியட்டும். வரும்போது வயித்தக் காட்டிக்கிறேன்."

அவர் திரும்பி வர இரண்டு வாரம் இருந்தது. அவளுக்கு ஐந்தாம் மாசம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, என் வீட்டுக் குளியலறையில், எல்லாம் முடிந்துபோனது. நான் பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்துக் கொடுக்கிறவள். மிஷினில் பாதித் தையலை விட்டுவிட்டு ஓடினேன். என் கையில்தான் விழுந்தது. நான் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

தெருமுனைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவளைச் சுத்தம் செய்து அனுப்பினார்கள். நான் துணியில் சுற்றி எடுத்துப் போனதை அங்கேயே ஒப்படைத்துவிட்டு வந்தோம். எதற்கெடுத்தாலும் சீட்டு கேட்கிறவள் அன்றைக்கு ஒரு காகிதமும் வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து படுத்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வந்ததே தெரியாத மனுஷன், அது போனதுக்கு எதுக்கு அண்ணி அழணும்? அவருகிட்ட சொல்லாதீங்க. அண்ணன்கிட்டயும் சொல்லாதீங்க." சத்தியம் கேட்டாள். கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், அப்படி ஒரு ரகசியத்தைக் காப்பாற்றுகிறேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பதினோரு வருஷம் கழித்து அவள் முகம் வீங்க ஆரம்பித்தது. சாப்பிட்டதெல்லாம் குமட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போனால் இரண்டு கிட்னியும் கெட்டுவிட்டது என்றார்கள். காரணம் பிரஷர் என்று எழுதினார்கள். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ்.

டயாலிசிஸுக்கு முன்னால் எடை பார்ப்பார்கள், முடிந்ததும் எடை பார்ப்பார்கள். உடம்பில் தேங்கின தண்ணீர் எவ்வளவு இறங்கியது என்று தெரியவேண்டுமே. கிலோவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "லோடு எடை, காலி எடை. இங்கயும் நம்ம தொழில்தான்" என்றாள். முதல் நாளே அங்கிருந்த எடை மிஷினில் சைபர் வரவில்லை என்று கண்டுபிடித்துச் சண்டை போட்டாள். மற்ற நோயாளிகளை எல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறச் சொன்னாள். ஒரே மாசத்தில் அந்த வார்டிலும் அவள் பேர் கிலோ ஆகிவிட்டது.

அவள் கையில் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்தார்கள். அது இரண்டு தடவை அடைத்துக்கொண்டது. மிஷின் குழாய்க்குள்ளேயே ரத்தம் உறைந்து போகும். "உங்க ரத்தம் ரொம்ப அவசரப்படுதுக்கா" என்பான் டெக்னீஷியன். "லாரிக்காரங்களோட பழகின ரத்தம்ப்பா. எங்க பாத்தாலும் பிரேக் போட்டு நிக்குது" என்பாள் இவள். வார்டே சிரிக்கும். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மாற்றுக் கிட்னி வைக்கலாம் என்றார்கள், கொடுக்க லிப்ட்காரரின் ரத்தம் பொருந்தவில்லை. மகளுக்குப் பதினைந்து வயதுதான். டிரில் மாஸ்டர் யாரையும் கேட்கவில்லை. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு போய்ச் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். பொருந்திவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

"உங்களுக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு. ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"ரெண்டு கிட்னியும் இருக்கு. அதுவும் ஞாபகம் இருக்கு" என்றார்.

மூன்று நாள் அவரோடு பேசவில்லை. அந்த மூன்று நாளில் நான் தைத்த சட்டைகளில் பாதிக்குக் கையை மாற்றித் தைத்தேன். நாலாம் நாள், டயாலிசிஸ் முடிந்து வந்த கிலோ எங்கள் வீட்டு வாசலில் ஒரே ஒரு படியை ஏற முடியாமல் நின்றாள். ஐம்பது டன் லாரியைக் குரலாலேயே நிறுத்துகிறவள். நான் போய்க் கையைப் பிடித்து ஏற்றினேன். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் "சரி, குடுங்க" என்றேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் கிட்னி டாக்டரம்மா எங்கள் நாலு பேரையும் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். லிப்ட்காரர் மடியில் பைல். எந்த வருஷத்துச் சோதனை எங்கே இருக்கிறது என்று வண்ணக் காகிதம் ஒட்டி வைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் கிலோவிடம் என்ன கேட்டாலும் அவர்தான் பதில் சொல்வார். பயந்த மனுஷனுக்கு அது ஒரு தைரியம் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

"எத்தனை தடவை கர்ப்பமா இருந்தாங்க?"

"ரெண்டு மேடம். மொதல்ல ஒண்ணு ஒன்றரை மாசத்துல போயிடுச்சு. அப்புறம் ஒரு பொண்ணு."

"அதுக்கப்புறம்?"

"இல்ல மேடம்."

டாக்டரம்மா கிலோ பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க."

கிலோ என்னைப் பார்த்தாள். "அவ்வளவுதான் மேடம்."

நான் சுவரைப் பார்த்தேன். நெடுக்காக வெட்டிய கிட்னி படம் ஒன்று மாட்டியிருந்தது. வயிற்றில் தங்காமல் போனதற்கும் கிட்னிக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன். கொடுத்த வாக்கு ஒன்று இருக்கிறதே என்றும் நினைத்தேன். கால் எப்போதாவது வீங்கியதா என்று கேட்டார். பிரசவத்தில் சுளுக்கு என்றார் லிப்ட்காரர். டாக்டரம்மா அதையும் எழுதிக்கொண்டார்.

காலை ஏழு மணிக்கு இரண்டு பேரையும் அடுத்தடுத்த தியேட்டருக்குள் கொண்டு போனார்கள். பதினோரு மணிக்கு டாக்டரம்மா வெளியே வந்து சிரித்தார். கிட்னியை வைத்து ரத்தம் விட்டதும், மேஜை மேலேயே சிறுநீர் வந்துவிட்டதாம். லிப்ட்காரர் மகளுக்குப் போன் போட்டார். நீயே சொல்லும்மா என்று போனை என் கையில் கொடுத்துவிட்டார். மணிக்கு ஒரு தடவை நர்ஸ் வந்து எண் சொன்னாள். ஐந்நூறு மில்லி. அறுநூறு. எழுநூறு. மூன்று மணிக்குக் கண் விழித்த கிலோ கேட்ட முதல் கேள்வி "எவ்வளவு?" என்பதுதான்.

சாயங்காலம் ஆறு மணிக்கு நர்ஸ் வெளியே வந்தாள். எண் சொல்லவில்லை. எங்களைத் தாண்டிப் போய்விட்டாள்.

சிறுநீர் வருகிற குழாய் மடங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஸ்கேன் மிஷினைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர் ஓடினார்கள். அப்போதும் அப்படித்தான் நினைத்தேன். பத்து நிமிஷத்தில் கிலோவைக் கட்டிலோடு தியேட்டருக்குத் திருப்பிக் கொண்டு போனார்கள். தாண்டிப் போகும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். என்ன நடக்கிறது என்று அவளுக்கும் தெரியவில்லை.

ஒரு மணி நேரத்தில் டாக்டரம்மா வந்தார். முகக்கவசத்தைக் கழற்றியும் கழற்றாமலும் நின்றார்.

"கிட்னிக்குப் போற குழாய், திரும்பி வர்ற குழாய், ரெண்டுலயும் ரத்தம் உறைஞ்சிடுச்சு. நாங்க தொறந்து பாக்கும்போது கறுத்துப் போயிருந்துச்சு. எடுத்துட்டோம்."

"எடுத்துட்டீங்கன்னா? எங்க வச்சிருக்கீங்க?" என்றேன்.

அவர் முகக்கவசத்தை முழுசாகக் கழற்றினார்.

"அவருக்கே திருப்பி வச்சிடுங்க. பக்கத்து வார்டுலதான் இருக்காரு." இப்படித்தான் கேட்டேன். வாடிக்கையாளர் வேண்டாம் என்ற துணியைத் திருப்பிக் கேட்கிற மாதிரி.

டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அது செத்துப்போச்சும்மா."

அதன் பிறகு நான் என்னென்ன பேசினேன் என்று எனக்கே தெரியாது. கண்டபடி திட்டினேன். கசாப்புக்கடை என்றேன். எழுநூறு மில்லி என்று சொன்னீர்களே என்று கத்தினேன். அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். நான் மூச்சு வாங்க நின்றபோது லிப்ட்காரரைப் பார்த்துக் கேட்டார்.

"திரும்பக் கேக்கறேன். மூணு மாசம் தாண்டி எப்பவாவது கரு கலைஞ்சிருக்கா? சில பேரு ரத்தம் காரணமே இல்லாம உறையும். அபூர்வமான வியாதி. பிரசவத்தப்ப கால் வீங்கினது, கைக்குழாய் அடைச்சது, எல்லாம் இதுவா இருக்கலாம். குழந்தைக்குப் போற ரத்தக்குழாயும் இப்படித்தான் அடைக்கும். அப்படி ஒண்ணு இருந்ததுன்னு தெரிஞ்சிருந்தா முன்னாடியே ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணியிருப்போம். உறையாம இருக்க மருந்து குடுத்துட்டே ஆபரேஷன் பண்ணியிருப்போம். தடுத்திருக்கலாம்."

லிப்ட்காரர் இல்லை என்று தலையாட்டினார். அவருக்குத் தெரிந்த வரைக்கும் அது உண்மை.

பத்தடி தள்ளி என் வீட்டுக்காரர் விலாவில் தையலோடு படுத்திருக்கிறார். அவருடைய கிட்னி ஏழு மணி நேரம் ஓடிவிட்டுக் குப்பைக்குப் போய்விட்டது. ஒரு வார்த்தை, நான் சொல்லாமல் விட்ட ஒரே ஒரு வார்த்தை. கைகழுவும் தொட்டிக்குப் போய் வாந்தி எடுத்தேன். லிப்ட்காரர் பின்னால் வந்து என் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். அதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை.

டிரில் மாஸ்டரிடம் நான்தான் சொன்னேன். கண்ணைத் திறந்ததும் "ஓடுதா?" என்று கேட்டார். சொன்னேன்.

"கிலோ பொழைச்சிட்டாளா?"

"பொழைச்சிட்டா."

"அப்ப சரி" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் முதுகைத்தான் பார்த்தேன்.

ரத்தப் பரிசோதனையில் அந்த வியாதிதான் என்று வந்தது. பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி பார்த்தார்கள், அப்போதும் அதேதான். வாயில் நுழையாத பேர். ரத்தத்தை இளக வைக்கிற மாத்திரை கொடுத்தார்கள். கிலோ பழையபடி டயாலிசிஸ் நாற்காலிக்குத் திரும்பினாள்.

அங்கே ஒரு நாள் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது அவளே ஆரம்பித்தாள்.

"அண்ணி, அன்னிக்குச் சொல்லியிருந்தா..."

"சொல்லியிருக்கணும்."

"இப்ப சொன்னா அண்ணன் என்ன நினைப்பாரு? அவரு குடுத்தத நானே குப்பையில போட்ட மாதிரி ஆயிடும். வாயத் தொறந்துடாதீங்க அண்ணி."

இரண்டாவது தடவையும் சரி என்றேன். முதல் தடவை தெரியாமல் செய்தேன். இந்தத் தடவை தெரிந்தே செய்தேன். மூன்று வருஷம் வீட்டில் அவர் தழும்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோணல் தையல், என்னுடையதாக இருந்தால் பிரித்துத் தைத்திருப்பேன். கால்சட்டை இடுப்பு அதில் உரசுகிறது என்று ஒரு தடவை சொன்னார். அவருடைய கால்சட்டைகளை எல்லாம் பிரித்து இடுப்பைத் தளர்த்தித் தைத்துக் கொடுத்தேன். நான் செய்த பிராயச்சித்தம் அவ்வளவுதான்.

இறந்தவர்களிடமிருந்து வருகிற கிட்னிக்காகக் கிலோவின் பேரைப் பதிந்து வைத்திருந்தார்கள். பதினெட்டு ஆனதும் நான் தருகிறேன் என்றாள் மகள். அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை கிலோ. இன்னொரு தடவை வைத்தால் நிற்குமா என்று டாக்டரம்மாவிடம் நான் கேட்டேன்.

"உறுதியாச் சொல்ல முடியாதும்மா. இந்த வியாதியோட கிட்னி வச்சவங்க ரொம்பக் கம்மி. நான் பாத்தவங்கள கைவிரல்ல எண்ணிடலாம். சில பேருக்கு நல்லா ஓடுது. சில பேருக்கு மறுபடி உறைஞ்சிடுது. சில பேரு மருந்தால ரத்தம் நிக்காமப் போயே இறந்துட்டாங்க."

ஒரு நாள் காலை ஆறு மணிக்கு, கிட்னி வந்திருக்கிறது என்று போன் வந்தது. எட்டு மணிக்குள் நாலு பேரும் ஆஸ்பத்திரியில் இருந்தோம். இந்தத் தடவை ரத்த வியாதிகளைப் பார்க்கிற டாக்டர் ஒருவரும் வந்தார். இளைஞர். மருந்துச் சீட்டில் ஒரு அளவை எழுதி வைத்துக்கொண்டு கிலோவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மருந்து கம்மியானா உறையும். கூடினா ரத்தம் போறது நிக்காது. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற எடம் ரொம்பக் குறுகல். அதனால இந்த வியாதி இதுவரைக்கும் உங்க உடம்புல என்னென்ன பண்ணியிருக்குன்னு ஒண்ணு விடாம எனக்குத் தெரியணும்."

லிப்ட்காரர் பைலைத் திறந்து படித்தார். ஒன்றரை மாசத்தில் போனது. பிரசவத்தில் கால் வீங்கியது. கைக்குழாய் இரண்டு தடவை அடைத்தது. மச்சான் கொடுத்த கிட்னி. படித்துவிட்டு மூடினார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார்."

"இல்ல சார்" என்றாள் கிலோ. "இன்னொண்ணு இருக்கு."

டாக்டர் பேனாவை எடுத்தார்.

"அஞ்சாம் மாசத்துல ஒண்ணு போச்சு. பொண்ணுக்கு அப்ப மூணு வயசு." மைக்கில் எடை சொல்கிற அதே குரல். "எங்க அண்ணி வீட்டுல."

டாக்டருக்கு எங்கள் கதை எதுவும் தெரியாது. தலை குனிந்து எழுதிக்கொண்டே, அதற்கு முன்னால் ரத்தப்போக்கு இருந்ததா, ஸ்கேன் எடுத்தீர்களா என்று கேட்டுக்கொண்டு போனார். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். முதலில் எழுதியிருந்த அளவை அடித்துவிட்டு வேறொரு அளவை எழுதினார். நல்லவேளை சொன்னீர்கள் என்று எழுந்து போனார்.

லிப்ட்காரர் பைலைப் பிடித்தபடியே நின்றார். அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். டிரில் மாஸ்டர் என்னை மட்டும்தான் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அன்னிக்கு அந்த ரூம்ல நீயும் இருந்தியே."

"இருந்தேன்."

அவர் கை தன்னால் விலாப்பக்கம் போனது. சட்டைக்கு மேலேயே அந்தத் தழும்பை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, அண்ணிய ஒண்ணும் சொல்லாத. நான்தான் சத்தியம் வாங்கினேன்" என்றாள் கிலோ. அவர் வெளியே போய்விட்டார். அடுத்த நிமிஷம் கட்டிலைத் தள்ள ஆள் வந்துவிட்டது. கிலோ லிப்ட்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டு போனாள். அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தியேட்டர் கதவு வரைக்கும் நடந்தார்.

பன்னிரண்டு மணிக்குப் புதுக் கிட்னிக்குள் ரத்தம் விட்டார்கள். நான் விரல் விட்டு எண்ணினேன். ஏழாவது மணி நேரம் சாயங்காலம் ஏழுக்கு வரும். வராந்தாவில் வரிசையாக நாலு நாற்காலி. லிப்ட்காரர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். டிரில் மாஸ்டர் மாடிப்படி ஓரத்தில் போய் நின்றுகொண்டார். நான் நீட்டின தண்ணீரை வாங்கவில்லை.

நாலு மணிக்கு உள்ளே ரத்தம் கசிகிறது என்றார்கள். மருந்தை நிறுத்தினால் உறைந்துவிடும், நிறுத்தாமலேயே ரத்தம் ஏற்றுகிறோம் என்றார்கள். இரண்டு பாட்டில் போனது. பிறகு இன்னொன்று. உறைந்தாலும் போய்விடுவாள், உறையாவிட்டாலும் போய்விடுவாள் என்பதை அங்கே உட்கார்ந்துகொண்டுதான் முழுதாகப் புரிந்துகொண்டேன்.

ஆறே முக்காலுக்கு ஸ்கேன் மிஷின் உள்ளே போனது. அதே மிஷின். லிப்ட்காரர் கதவைப் பார்த்தபடியே கேட்டார்.

"பையனா, பொண்ணா?"

கிலோ அதைச் சொன்னதிலிருந்து அவர் பேசின முதல் பேச்சு அதுதான்.

"பொண்ணு" என்றேன்.

"நீ பாத்தியாம்மா?"

"பாத்தேன் அண்ணே."

"அவளுக்குத் தெரியுமா?"

"அவ கேக்கல. நான் சொல்லல."

தலையை ஆட்டிக்கொண்டார். பைலைத் திறந்தார். மகளின் பிறந்த தேதி எழுதியிருந்த பக்கத்தை எடுத்து, அதற்குக் கீழே என்னவோ எழுதினார். நான் எட்டிப் பார்க்கவில்லை. அந்த மனுஷனிடமிருந்து பதினைந்து வருஷ அழுகையைத் திருடி வைத்திருந்தோம் என்று அப்போதுதான் உறைத்தது. அழாமல் காப்பாற்றுவதாக அல்லவா நினைத்திருந்தோம்.

ஏழு பத்துக்கு டாக்டரம்மா வந்தார். "ரெண்டு குழாய்லயும் ரத்தம் ஓடுது" என்றார். "இன்னும் ஒரு வாரம் பயம் இருக்கு. ஆனா இப்ப ஓடுது."

அது இன்றைக்கும் ஓடுகிறது. அந்த வாரத்தில் இன்னொரு தடவை வயிற்றைத் திறக்க வேண்டி வந்தது. அப்படியும் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. கிலோ அதே ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, பின்சக்கரத்து ஆசாமிகளை மைக்கில் திட்டிக்கொண்டிருக்கிறாள். எங்காவது இடித்துக்கொண்டால் ஒரு கை அகலத்துக்குக் கன்றிப்போகிறது. அவ்வளவுதான்.

அந்த ஆபரேஷன் அன்றைக்கு ராத்திரி, லிப்ட்காரரை மட்டும் அங்கி மாட்டி ஐ.சி.யூ.வுக்குள் விட்டார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். கிலோ கண்ணைத் திறந்தாள். உதடு அசைந்தது. எவ்வளவு என்று கேட்கிறாள். அது எனக்குக் கேட்காமலேயே தெரியும். அவர் சொன்னார். பிறகு குனிந்து, அவள் காதோடு, நான் இத்தனை வருஷம் அவளிடம் சொல்லாமல் விட்டதையும் சொன்னார். கிலோ அவரையே பார்த்தாள். ஊசி குத்தின கையால் அவருடைய அங்கியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் கண் கண்ணாடிப் பக்கம் திரும்பி என் மேல் நின்றது.

எனக்குப் பக்கத்தில் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. டிரில் மாஸ்டர். அவரும் உள்ளேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றேன்.

அவர் அதை நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.